தோள் இறங்கிய டீசர்ட்டும் எங்கள் அம்மிச்சியும்

கோயமுத்தூரில் காலேஜ் படிக்கும் அக்கா பையன் ஞாயிற்றுக்கிழமை திருப்பூர் வந்திருந்தான். கறுப்பு டீசர்ட், தோள் தையல் முழங்கைக்குப் பக்கத்தில் தொங்குகிறது. நெஞ்சில், கண் இருக்கவேண்டிய இடத்தில் பெருக்கல் குறி போட்ட மஞ்சள் சிரிப்பு முகம். அம்மிச்சி (எங்கள் பாட்டி) சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, உங்கப்பன் பனியனை மாத்திப் போட்டுட்டு வந்துட்டயா?" என்றது.

"நிர்வாணா யாருன்னு தெரியுமா மாப்ள?"

"பிராண்டு பேருங்க மாமா."

சரி. அந்தச் சிரிப்பு முகத்தைச் சின்னமாக வைத்திருந்த அமெரிக்க ராக் இசைக்குழுதான் நிர்வாணா. அதில் பாடிய கர்ட் கோபேன் 1994-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார். இவன் பிறக்க அதற்கப்புறம் பத்து வருசத்துக்கு மேல் ஆனது.

நான் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்ப்பவன். முன்பெல்லாம் ஷோல்டர் இப்படி இறங்கினால் பீஸ் ரிஜெக்ட், கழித்த பீஸ் விற்கும் காதர்பேட்டைக்குத்தான் நேராகப் போகும். இப்போது அளவு எழுதியே இறக்கச் சொல்கிறார்கள்! அமெரிக்கப் பாடகி பில்லி ஐலிஷ் 2019-ல் ஒரு விளம்பரத்தில், தன் உடம்பைப் பற்றி யாரும் கருத்துச் சொல்லக்கூடாது என்றே தொளதொளவென்று போடுவதாகச் சொன்னார். அதில் நியாயம் இருக்கிறது. இவனிடம் கேட்டால் "எல்லாரும் போடறாங்க மாமா."

2022-ல் பலென்சியாகா என்ற பெரிய ஃபேஷன் கம்பெனி கிழிந்த ஷூவை 1,850 டாலருக்கு விற்றதைச் சொன்னேன். அம்மிச்சி நம்பவே இல்லை.

பையன் குளித்துவிட்டு வருவதற்குள் அம்மிச்சி டீசர்ட் தோளில் ரெண்டு பக்கமும் மடிப்புப் பிடித்து, வெள்ளை நூலில் தைத்து வைத்திருந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் அப்படியே மாட்டிக்கொண்டு ஓடினான்.