கொழுகொழுவென்று இருக்கும் பிள்ளைக்கும் இரத்தச்சோகை வரும்

யாழ்ப்பாணத்தில் ஒரு பிள்ளையைக் கண்டதும் முதலில் கேட்பது, "எத்தனை கிலோ?" என்றுதான். கிளினிக் கொப்பியில் நிறைக்கோடு பச்சைக்குள் நின்றால் வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி. நான் வலிகாமத்தில் குடும்பநல உத்தியோகத்தராக வேலை செய்து ஓய்வு பெற்றவள். நிறை சரியாக இருந்து, கன்னம் இரண்டும் உப்பியிருந்து, கீழ் இமையை விலக்கிப் பார்த்தால் உள்ளே வெளிறிக் கிடந்த பிள்ளைகளை நிறையக் கண்டிருக்கிறேன். அந்த வெளிறல் இரத்தச்சோகையின் அடையாளம்; சின்னப் பிள்ளைகளுக்கு அது பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவால் வருவது. இப்போது என் பேரனும் சோறு தின்னும் வயதுக்கு வந்துவிட்டான். அக்கம்பக்கத்து இளம் தாய்மார் திரும்பவும் பழைய கேள்விகளோடு வருகிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அவர்கள் சொல்வதில் பாதி ஒரே கதைதான். "மிஸ், இவன் சோறு தின்னுறானில்லை. பால் எண்டால் எத்தனை போத்தலும் குடிப்பான்."

அந்தப் போத்தல்தான் எனக்குக் கவலை. ஒரு லீற்றர் பசும்பாலில் இரும்புச்சத்து அரை மில்லிகிராம் அளவுதான். ஒன்று முதல் மூன்று வயது வரையான பிள்ளைக்கு நாளுக்கு 7 மில்லிகிராம் வேண்டும். 7 முதல் 12 மாதம் வரை அதைவிடவும் கூட, 11 மில்லிகிராம். பால் வயிற்றை நிரப்பிவிடும், சோற்றுக்கு இடமிருக்காது. பாலில் உள்ள கல்சியம் மற்றச் சாப்பாட்டின் இரும்பையும் உடம்பில் சேரவிடாமல் குறைக்கும். ஒரு வயதுக்கு முன் வெறும் பசும்பால் கொடுத்தால், சில பிள்ளைகளுக்குக் குடலில் கண்ணுக்குத் தெரியாமல் இரத்தமும் கசியும். இதில் இன்னொரு சிக்கல்: சோகை வந்தால் பசி குறையும். பிள்ளை சோற்றைத் தள்ளும், தாய் பாவமென்று இன்னொரு போத்தல் கரைப்பாள், சோகை இன்னும் கூடும். ஒரு வயதுக்குப் பிறகு நாளுக்கு 500 மில்லிலீற்றர் பால் போதும். அதற்கு மேல் வேண்டாம். தாய்ப்பாலை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள், அது இரண்டு வயதும் தாண்டித் தொடரட்டும்.

பிள்ளை பிறக்கும்போதே தாயிடமிருந்து இரும்பைச் சேமித்துக்கொண்டுதான் வருகிறது. பிறந்தவுடன் தொப்புள்கொடியை வெட்டாமல் ஒரு நிமிடமாவது பொறுக்கச் சொல்வது இந்தச் சேமிப்பைக் கூட்டத்தான். நிறை குறைந்தோ மாதம் குறைந்தோ பிறந்த பிள்ளைக்குச் சேமிப்பு குறைவு. அவர்களுக்கு வைத்தியர் முன்கூட்டியே சொட்டு மருந்து தொடங்குவார். மற்றப் பிள்ளைகளுக்கு அது ஏறக்குறைய ஆறு மாதம் தாங்கும். தாய்ப்பாலில் உள்ள இரும்பு நன்றாக உடம்பில் சேரும் என்றாலும், அளவு மிகக் கொஞ்சம். முதல் பல் முளைத்ததும் பல்லுக்கொழுக்கட்டை கொட்டுகிற நேரத்தில் சேமிப்பு முடிந்திருக்கும். அன்றைக்கு ஊரைக் கூப்பிட்டுச் சிறப்பாகச் செய்கிறோம். அதற்கு அடுத்த நாள் பிள்ளைக்குத் தீத்துவது கரட் மசியல், அரிசிக் கஞ்சி, தேத்தண்ணியில் நனைத்த ரஸ்க். மூன்றிலும் இரும்பு இல்லையென்றே சொல்லலாம். மூளை வேகமாக வளரும் வயது அது. அந்த நேரத்து இரும்புக் குறைவின் பாதிப்பு, பின்னால் இரத்தம் ஏறினாலும் சில பிள்ளைகளுக்கு முழுதாக ஆறுவதில்லை. இதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் பதைக்கும்.

"நாங்கள் முருங்கையிலை குடுக்கிறம்தானே" என்பார்கள். நல்லது, விட வேண்டாம். 100 கிராம் முருங்கையிலையில் 4 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. ஆனால் ஒரு சின்னப் பிள்ளை 100 கிராம் இலை தின்னாது. இலையில், தானியத்தில் உள்ள இரும்பில் கொஞ்சந்தான் உடம்பில் சேரும். மீன், இறைச்சி, ஈரலில் உள்ளது அதைவிடப் பல மடங்கு இலகுவாகச் சேரும். அதோடு ஒரு துண்டு மீனைக் கீரைச்சோற்றோடு பிசைந்தால் கீரையின் இரும்பும் கூடச் சேரும். முட்டை மஞ்சட்கருவை மட்டும் நம்பியிருக்கிறவர்களுக்கும் இதையே சொல்கிறேன்: முட்டை நல்ல சாப்பாடு, ஆனால் அதிலுள்ள இரும்பு உடம்பில் சரியாகச் சேராது.

என் கை மருந்து கோழி ஈரல். 100 கிராமில் 9 மில்லிகிராம் இரும்பு. திருநெல்வேலிச் சந்தைப் பக்கம் கோழி வாங்கப் போகிறவர்கள் ஈரலைத் தனியாகக் கேட்டால் மலிவாகவே தருவார்கள். கழுவி, ஒரு சின்ன வெங்காயம், கொஞ்சம் மஞ்சள், ஒரு நுள்ளுச் சீரகம் போட்டு உள்ளே சிவப்புத் தெரியாமல் நன்றாக அவித்து, கரண்டியால் மசித்து, பருப்புச்சோற்றோடு பிசைவேன். இறக்கிய பிறகுதான் இரண்டு சொட்டுத் தேசிக்காய்ப்புளி. அடுப்பில் இருக்கும்போதே விட்டால், இரும்பை உடம்பில் சேர்க்க உதவும் விற்றமின் சி குறைந்துவிடும், அதற்காகத்தான் புளியே விடுகிறோம். ஈரலில் விற்றமின் ஏ மிக அதிகம் என்பதால் வாரத்தில் ஒருநாள், இரண்டு மேசைக்கரண்டிக்கு மேல் நான் கொடுப்பதில்லை. மற்ற நாட்களில் முள் பார்த்த மீனோ, கொத்திய ஆட்டிறைச்சியோ.

அடுத்தது கொஞ்சம் கவனமாகப் பேசவேண்டிய விஷயம். நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் கொடியேறினால் திருவிழா 25 நாளும் எங்கள் வீட்டுக் குசினிக்குள் மச்சம், அதாவது மீன், இறைச்சி, வராது. என் சம்பந்தி அதில் கடுமையானவர், நானும் அப்படித்தான். வெள்ளிக்கிழமை, சதுர்த்தி, கந்தசஷ்டி எல்லாம் கூட்டினால் வருடத்தில் பிள்ளைக்கு மச்சம் இல்லாத நாட்கள் ஏராளம். முழுச் சைவக் குடும்பங்களும் நிறைய. சைவச் சாப்பாட்டிலேயே பிள்ளையை நன்றாக வளர்க்கலாம், ஆனால் அதற்குத் திட்டம் வேண்டும். பயற்றை முளைக்கவிட்டு அவித்துக் கொடுங்கள். முளைத்தால், புளித்தால் இரும்பைப் பிடித்து வைத்திருக்கும் பொருள் குறையும், அதனால் தோசையும் நல்லது. குரக்கன் பிட்டு, கௌபி, எள்ளு எல்லாம் சேரட்டும். ஒவ்வொரு நேரச் சாப்பாட்டோடும் ஒரு பழம் இருக்கட்டும். தோடம்பழம் விலையென்றால் வளவில் நிற்கும் கொய்யா இருக்கிறது, அதில் தோடம்பழத்தைவிட நாலு மடங்கு விற்றமின் சி. "சம்பந்தி, பேரனுக்கு விரதமில்லை, ஆனால் வீட்டுக்கு விரதம், அப்ப கொய்யாவை மறக்கக்கூடாது" என்று நான் சொன்னதை அவர் அப்படியே ஏற்றுக்கொண்டார். இப்போது கோயிலுக்குப் போகுமுன் பழத்தை நறுக்கி, விதை நீக்கி மசித்துவைப்பது அவர்தான்.

தேத்தண்ணி மட்டும் வேண்டவே வேண்டாம். பிளேன்ரீயும் பால்தேத்தண்ணியும் ஒன்றுதான், இரண்டுமே இரும்பைத் தடுக்கும். அப்பம்மாவின் கோப்பையில் ஒரு வாய் என்று தொடங்கும் பழக்கம், மூன்று வயதில் காலையும் மாலையும் ஒரு கோப்பையாக நிற்கும்.

கிளினிக்கில் தரும் நுண்போசணைப் பவுடர் பக்கெற்றுகளை அலுமாரியில் அடுக்கிவைத்த வீடுகள் பலவற்றைக் கண்டிருக்கிறேன். அதைச் சூடு ஆறிய, மசித்த சாப்பாட்டில் ஒரு பங்கில் கலந்து, அரை மணிக்குள் தீத்திவிட வேண்டும். கொதிக்கிற கஞ்சியில் போட்டால் நிறமும் ருசியும் மாறும், பிள்ளை துப்பும்.

பிள்ளை மண்ணோ, பச்சையரிசியோ, சுவர்ச் சுண்ணாம்போ தின்றால் அடிக்காதீர்கள். இரும்புக் குறைவின் அடையாளமாக அது இருக்கலாம், இரத்தம் சோதியுங்கள். பூச்சி மருந்தையும் தவறவிட வேண்டாம். கொக்கிப்புழு குடலில் இருந்து இரத்தம் குடிக்கும். இரண்டு முதல் ஐந்து வயதுக்குள் ஹீமோகுளோபின் டெசிலீற்றருக்கு 11 கிராமுக்குக் கீழே போனால் சோகை; 6 முதல் 23 மாதம் வரையான பிள்ளைகளுக்கு 10.5 என்று உலக சுகாதார நிறுவனம் 2024இல் மாற்றியிருக்கிறது. உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் சோதனை பார்க்கச் சொன்னால் காய்ச்சல் இல்லாத நாளில் பாருங்கள், காய்ச்சலில் அது பொய்யாகக் கூடிக் காட்டும்.

வைத்தியர் இரும்புப்பாணி எழுதினால், அளவை அவர் சொன்னபடியே கொடுங்கள். பாலோடு வேண்டாம், சாப்பாட்டுக்கு இடையில் பழச்சாற்றோடு கொடுத்து வாயைக் கழுவிவிடுங்கள், பல்லில் கறை பிடிக்காது. மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். போத்தலைப் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் பூட்டிவையுங்கள். இரும்பு அளவுக்கு மிஞ்சினால் சின்னப் பிள்ளையின் உயிருக்கே ஆபத்து. ஒரு மாதம் கொடுத்தும் ஹீமோகுளோபின் எண் ஏறாவிட்டால் திரும்பவும் வைத்தியரிடம் போங்கள், பரம்பரையாக வரும் இரத்த நோயான தலசீமியாவும் முதல் பார்வைக்கு இதுபோலவே தெரியும். எண் ஏறிவிட்டது என்று பாணியை நிறுத்தவும் வேண்டாம். இரத்தம் சரியான பிறகும் சேமிப்பு நிரம்ப இன்னும் இரண்டு மூன்று மாதம் எடுக்கும்.