பட்டிக்கு வந்த ரெண்டு செங்கன்னி

அக்டோபர் 10, 2025, வெள்ளி

திருமங்கலம் ஆட்டுச் சந்தை. தீபாவளி நெருங்குவதால் கூட்டமெல்லாம் கிடா பக்கம். எங்களுக்கு வேண்டியது பெட்டை. அத்தை உடனே விலை கேட்கப் போகவில்லை. ஓரமாக நின்று ஆடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். யார் கை வைத்தாலும் அசையாமல் நின்ற ஒன்றைக் காட்டி, "ரொம்ப சாதுங்க" என்றார் வியாபாரி. அத்தை அதைத் தொடக்கூட இல்லை. புது இடம், தெரியாத ஆடுகள், லாரி இரைச்சல். இதற்கு நடுவில் நல்ல ஆடு கொஞ்சமாவது மிரளும். வாலைத் தொங்கப்போட்டு, மயிர் சிலிர்த்து, அசை போடாமல் நிற்பது சாது இல்லை, சீக்கு.

கடைசியில் ரெண்டு செங்கன்னி வாங்கினோம், கன்னி ஆட்டில் ஒரு வகை. பல்லை வைத்துத்தான் வயசு பார்ப்போம்: ஒன்று நாலு பல், ஒன்று ரெண்டு பல். ஒரே பட்டியில் வளர்ந்தவை என்பதால் சேர்த்தே பிடித்தோம். ஒற்றை ஆட்டைப் புது மந்தையில் கொண்டுவந்து விடுவது எனக்கு மனசுக்கு ஒப்பாத காரியம். பழகின துணை ஒன்று பக்கத்தில் இருந்தாலே மிரட்சி பாதி அடங்கிவிடும்.

இரவு கொட்டகையில் நடுவே மூங்கில் படல் கட்டி, அந்தப் பக்கம் இவற்றை விட்டிருக்கிறோம். முட்ட முடியாது, மோந்து பார்க்கலாம்.

அக்டோபர் 11, சனி

புது ஆடுகளை மந்தையோடு சேர்த்தது கொட்டகையில் அல்ல. நாகமலை அடிவாரத்துக்கு ஓட்டிப்போய், மேய்ச்சல் காட்டில்தான் ஒன்றாக விட்டோம். அடைத்த இடத்தில் முட்டு வாங்குகிற ஆட்டுக்கு ஓட வழியில்லை, சுவரோடு நசுங்கும். காட்டில் பத்தடி விலகினால் சண்டை தீர்ந்தது.

எதிர்பார்த்தபடி எங்கள் மந்தையின் முரட்டுப் பெட்டை கூர்கொம்பிதான் முதலில் வந்தாள். நேராக முட்டவில்லை. பின்னங்காலில் எழுந்து நின்று, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, மேலிருந்து இறங்கினாள். செம்மறிக் கிடா பின்னால் போய் ஓடிவந்து மோதும். வெள்ளாடு இப்படி எழுந்து விழும். பெரிய செங்கன்னி ரெண்டு தரம் கொம்பு கொடுத்துப் பார்த்துவிட்டு, பக்கவாட்டில் திரும்பி நகர்ந்தது. அத்தோடு கூர்கொம்பி விட்டுவிட்டாள். நான் கம்பை எடுத்துக்கொண்டு போனபோது அத்தை தடுத்தார். "நீ விலக்குனா நாளைக்கு முதல்ல இருந்து ஆரம்பிக்கும். ரத்தம் வந்தா மட்டும் போத்தா."

சின்னது முட்டவே இல்லை. பார்த்ததும் ஒதுங்கிவிட்டது.

அக்டோபர் 13, திங்கள்

சண்டையை விடத் தீனி நேரத்தைப் பார்த்தால்தான் மந்தையின் வரிசை புரிகிறது. அகத்திக் குழையைக் கட்டித் தொங்கவிட்டதும் கூர்கொம்பி வந்து நின்றாள். அவள் முட்டக்கூட வேண்டாம், தலையை லேசாகத் திருப்பினாலே மயிலை என்கிற பெட்டை ரெண்டடி பின்வாங்குகிறது. மயிலை திரும்பிப் பார்த்தால் இன்னொரு ஆடான கருப்பி விலகுகிறது. எல்லாருக்கும் பின்னால் ரெண்டு செங்கன்னியும் தரையில் உதிர்ந்த இலையைப் பொறுக்கிக்கொண்டு நின்றன.

இதில் கூர்கொம்பியை அடிப்பதில் பிரயோசனம் இல்லை. ஒரே கட்டாகத் தொங்கவிடாமல், ஆட்டின் எண்ணிக்கையை விட ரெண்டு மூன்று கூடுதலாகச் சின்னச் சின்னக் கட்டுகளாக்கி, கொட்டகையைச் சுற்றி எட்ட எட்டக் கட்டினேன். ஒரு கட்டிலிருந்து விரட்டப்பட்டது அடுத்ததுக்குப் போய்விடுகிறது. கூர்கொம்பியால் எல்லாவற்றையும் காவல் காக்க முடியாதே. தண்ணீர்த் தொட்டியும் இப்போது ரெண்டு.

அக்டோபர் 16, வியாழன்

மழை. முதல் தூறலுக்கே, மந்தையை முன்னால் நடத்துகிற சுட்டி கொட்டகையைப் பார்த்துத் திரும்பிவிட்டாள், மொத்த மந்தையும் அவள் பின்னால். பக்கத்துக் காட்டில் செம்மறிகள் நனைந்துகொண்டே மேய்ந்தன.

அக்டோபர் 20, திங்கள், தீபாவளி

மத்தியானத்திலிருந்து வெடி. ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒன்று தும்முவது போலச் சீறி முன்னங்காலைத் தரையில் தட்டும். உடனே எல்லாத் தலையும் நிமிரும். பிறகு மேற்கு மூலையில் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நின்றன. பகலெல்லாம் கிட்டே அண்டவிடாத கூர்கொம்பியின் விலாவில் சின்னச் செங்கன்னி ஒட்டி நின்றது. அவள் ஒன்றும் செய்யவில்லை.

உள்ளே போய் உட்கார்ந்து, எப்போதும் கூப்பிடுகிற குரலிலேயே பேசிக்கொண்டிருந்தேன். பின்பக்கமாகப் போகாமல் பக்கவாட்டில் போனேன். படுக்கைவாட்டில் நீண்ட கண்மணி இருப்பதால் வெள்ளாட்டுக்குக் கிட்டத்தட்டச் சுற்றிலும் தெரியும், நேர் பின்னால் மட்டும் தெரியாது. அங்கிருந்து வரும் எதற்கும் அது துள்ளும். கொஞ்ச நேரம் கழித்துச் சுட்டி படுத்து அசை போட ஆரம்பித்தாள். அப்புறம் கருப்பி, பிறகு ஒவ்வொன்றாக. பயந்த ஆடு அசை போடாது. எனக்கு அதுதான் அளவு.

அக்டோபர் 24, வெள்ளி

சுட்டி காலையில் மேய வரவில்லை. மூலையில் தனியாகப் போய்க் காலால் மண்ணைப் பறித்தாள், படுத்தாள், எழுந்தாள். மதியத்துக்குள் ரெண்டு குட்டி, ஒரு கிடா, ஒரு பெட்டை. பக்கத்து வீட்டு அக்கா துணியோடு ஓடிவந்தார். அத்தை மூக்கில் ஒட்டியிருந்த சவ்வை மட்டும் விரலால் வழித்துவிட்டு, "இருத்தா, அவளே நக்கட்டும்" என்றார். சுட்டி வாயைத் திறக்காமல் அடித்தொண்டையில் முனகிக்கொண்டே குட்டியை வால் முதல் காது வரை நக்கினாள். இந்த முதல் நேரத்தில்தான் தாய் குட்டியின் வாடையைப் பிடித்துக்கொள்கிறது. பிடித்துவிட்டால் வேறு ஆட்டின் குட்டி மடிக்கு வந்தால் மோந்து பார்த்துத் தள்ளிவிடும்.

சீம்பால் குடித்ததும் ரெண்டும் தொட்டிக்குப் பின்னால் போய்ச் சுருண்டுகொண்டன. குட்டியைக் காணோம் என்று பதற வேண்டாம். செம்மறிக் குட்டி பிறந்த உடனே தாய் பின்னால் ஓடும். வெள்ளாட்டுக் குட்டி முதல் சில நாள் ஒளிந்து கிடக்கும், தாய் வந்து கூப்பிட்டால்தான் எழும்.

அக்டோபர் 26, ஞாயிறு

இதை எழுதத்தான் ரெண்டு நாளாகக் கை பரபரத்தது. சுட்டி குட்டிகளோடு கொட்டகையில் நின்றுவிட்டதால், மந்தையை முன்னால் நடத்துவது யார்? கூர்கொம்பி என்றுதான் நினைத்திருந்தேன். படலைத் திறந்ததும் அவள்தான் முதலில் வெளியே வந்தாள். யாரும் பின்னால் போகவில்லை. அவளும் நின்று திரும்பிப் பார்த்துவிட்டு வாசலுக்கே வந்துவிட்டாள். கடைசியில் மயிலை, முட்டு வாங்கி ஒதுங்குகிற அதே மயிலை, புளியமரத்துப் பாதையைப் பிடித்து நடந்தது. எல்லாம் பின்னால் போயின, கூர்கொம்பி உள்பட.

"பலம் இருக்கிறது தீனிக்கு. வழிக்குத் தெரிஞ்சது வேணும்" என்றார் அத்தை. மயிலை சுட்டியின் மகள், பிறந்ததிலிருந்து அம்மா பின்னாலேயே மேய்ந்தது. எந்த வேலியில் கிளுவை தழைத்திருக்கிறது, எங்கே நாய் இருக்கிறது என்பதெல்லாம் அதற்குத் தெரியும்.

வாகைமரத்தடியில் இன்னொன்று பார்த்தேன். சின்னச் செங்கன்னி எட்டாத கொப்பைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, மறுபடி கொப்பை. துரட்டியால் இழுத்துப் போட்டேன். லண்டன் குயின் மேரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-ல் இதைச் சோதித்து எழுதியிருக்கிறார்கள். மூடி திறக்க முடியாத பெட்டியில் தீனியை வைத்தபோது ஆடுகள் பெட்டியையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்தன. ஆள் தங்கள் பக்கம் முகம் காட்டி நின்றபோது கூடுதலாகப் பார்த்தன. வந்த புதிதில் என் நிழலுக்கே ஓடிய ஆடு இது.

நவம்பர் 2, ஞாயிறு

பெரிய செங்கன்னி இப்போது கருப்பிக்கு மேலே, மயிலைக்குக் கீழே. சின்னது இன்னும் கடைசிதான், ஆனால் அதற்கென்று ஒரு குழைக்கட்டு இருக்கிறது, வயிறு நிறைகிறது. ரெண்டும் பழைய ஆடுகளோடு கலந்தே படுக்கின்றன.

காலையில் ஒரு வியாபாரி வந்தார். சுட்டிக்குப் பல் தேய்ந்துவிட்டது, இப்போதே கொடுத்துவிடுங்கள் என்று நல்ல விலை சொன்னார். கொடுக்கவில்லை. மழைக்கு முன்னால் வீட்டுக்குத் திரும்புகிற ஆட்டை விற்றுவிட்டு மந்தையை எதை நம்பி விடுவது? மயிலை இன்னும் ஒரு வருஷமாவது அம்மாவோடு நடக்கட்டும். கிடாக்குட்டி வேண்டுமென்றால் தை பிறந்து வரச் சொல்லி அனுப்பினோம்.