ஓடும் மாதிரி ரயில், அது கிளப்பும் காற்று

விரைவு ரயில் கடந்துபோகும்போது நடைமேடையில் நிற்பவர்மேல் அடிக்கும் காற்றை, நிறுத்திவைத்த மாதிரிமேல் காற்று ஊதி அளப்பது சரிவராது. அங்கே ரயிலுக்கும் நடைமேடைக்கும் இடையே அசைவே இல்லை. மாதிரியே ஓட வேண்டும்.

இங்கிலாந்தின் டெர்பியில் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தின் ‘டிரெய்ன் ரிக்’ என்ற சோதனைத் தடம் இதற்கென்றே இருக்கிறது. நீளம் 150 மீட்டர். முதல் 50 மீட்டரில் இழுத்துவிட்ட ரப்பர் கயிறு மாதிரியை உந்தும், நடு 50-இல் அளவெடுப்பு, கடைசி 50-இல் பிரேக். மாதிரி பெரும்பாலும் 1/25 அளவு.

வேகத்தைக் கணக்குப் போட்டே தேர்ந்தெடுக்க வேண்டும். ரெனால்ட்ஸ் எண் (வேகத்தை நீளத்தால் பெருக்கி, காற்றின் பாகுத்தன்மையால் வகுத்தது) 2,50,000-ஐத் தாண்ட வேண்டும்; அப்போதுதான் சிறிய மாதிரியின் காற்றோட்டம் நிஜத்தை ஒத்திருக்கும். இந்தக் கணக்கில் நீளமாக எடுக்கும் 3 மீட்டர் 1/25-இல் 12 செ.மீ. ஆகிறது. நொடிக்கு 30 மீட்டரில் ஓட்டினால் 2,40,000 அளவில் நின்றுவிடும். 40 மீட்டரில் 3,20,000 கிடைக்கும்.

காற்றை அளக்க கோப்ரா புரோப் வசதி; அது நான்கு துளைகளில் படும் அழுத்தத்தைக் கொண்டு காற்றின் வேகத்தையும் திசையையும் சொல்லும் கருவி. ரயிலோடு சேர்ந்து காற்றும் ஓடுவதால், புரோப்பின் முகம் ரயில் வரும் திசையைப் பார்க்க வேண்டும். சுமார் 45 டிகிரிக்கு மேல் விலகி வரும் காற்றை அது படிக்காது. ரயிலின் மூக்கு கடக்கும் கணத்தில் காற்று பக்கவாட்டில் தள்ளப்படுவதால் அங்கே தரவு விட்டுப்போகும். அதைக் கோளாறு என்று நினைக்க வேண்டாம்.

பலர் தவறுவது சராசரியில். வால் கடந்த பின் வரும் சுழல் ஒவ்வொரு ஓட்டத்திலும் வேறு இடத்தில் உச்சம் தொடும். எல்லா ஓட்டங்களையும் முதலிலேயே கூட்டிச் சராசரி எடுத்தால் உச்சங்கள் ஒன்றையொன்று கரைத்துவிடும். நடைமேடையில் நிற்பவரைத் தள்ளுவது சராசரி அல்ல, அந்த ஒரு வீச்சுதான். எனவே ஒவ்வொரு ஓட்டத்துக்கும் தனித்தனியே ஒரு நொடி நகரும் சராசரி (ஒரு நொடிச் சாளரத்தை நகர்த்திக்கொண்டே எடுக்கும் சராசரி) போட்டு, அதன் உச்சத்தை எடுக்க வேண்டும். பிறகே அந்த உச்சங்களின் சராசரியோடு அவற்றின் திட்டவிலக்கத்தை (சிதறலின் அளவை) இரண்டு மடங்காக்கிக் கூட்ட வேண்டும். குறைந்தது 20 ஓட்டமாவது வேண்டும். அந்த ‘ஒரு நொடி’யும் அளவுக்கேற்பச் சுருங்கும்: நிஜ வேகத்திலேயே ஓடினால் 0.04 நொடி, பாதி வேகத்தில் 0.08.

ரப்பர் ஒவ்வொரு முறையும் ஒரே வேகம் தராது. தண்டவாளத்தின் குறுக்கே தெரிந்த இடைவெளியில் இரண்டு ஒளிச் சென்சார் வைத்து அந்தந்த ஓட்டத்தின் வேகத்தைக் கண்டு, காற்றின் வேகத்தை அதனால் வகுங்கள். முந்தைய ஓட்டம் கிளப்பிய காற்று அடங்காமல் அடுத்ததை விட்டால் அளவு பிழையாகும்.

சுரங்கப்பாதைச் சோதனை வேறு கணக்கு. அங்கே அழுத்த அலை ஒலியின் வேகத்தில் ஓடுவதால் மாக் எண் (ரயிலின் வேகத்தை ஒலியின் வேகத்தால் வகுத்தது) பொருந்த வேண்டும். வேகத்தைக் குறைக்க இடமே இல்லை, மாதிரியும் நிஜ ரயிலின் வேகத்திலேயே நுழைய வேண்டும்.