‘கோன்ட்ரோல்’: தண்டவாளத்துக்குப் பக்கத்திலிருந்து

ஜூன் 3, செவ்வாய்

நிம்ரோத் ஆண்டல் 2003இல் எடுத்த ஹங்கேரியப் படம். புடாபெஸ்ட் மெட்ரோவின் டிக்கெட் பரிசோதகர்கள், பயணிகளை ரயில் முன் தள்ளிவிடும் முக்காடு போட்ட ஒருவன். வெயில் எட்டிப்பார்க்காத படம். ரயில் ஓடாத இரவு நேரத்தில்தான் படப்பிடிப்பு. ஐந்து மணி நேரம் கிடைத்தாலும் சாமான் இறக்க, ஏற்ற ஒன்றரை மணி போய்விடும். மின்சாரத்தை நிறுத்திச் சோதிக்க இன்னும் அரை மணி. கையில் நிற்பது மூன்று மணி.

ஜூன் 4, புதன்

படத்தின் அந்தப் பச்சை நிறம் டியூப்லைட்டால் வருவது. பச்சையை அடக்கும் மெஜந்தா ஃபில்டர் போட்டால் போய்விடும். இந்தக் கதைக்கு அது இருப்பதே சரி. கவனிக்க வேண்டியது மினுக்கல். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் பழைய சோக் டியூப் நொடிக்கு 100 தடவை மங்கி எரியும். நொடிக்கு 24 பிரேமில் எடுத்தால் ஷட்டரின் திறப்புக் கோணம் 172.8 டிகிரி (ஒவ்வொரு பிரேமும் சரியாக 1/50 நொடி ஒளி வாங்கும்), 180 வைத்தால் வெளிச்சம் மெல்ல அலையும்.

ஜூன் 6, வெள்ளி

தண்டவாள ஓட்டம். எக்ஸ்பிரஸ் துரத்த, பரிசோதகர்கள் அடுத்த நிலையம்வரை தண்டவாளத்தில் ஓடும் பந்தயம். கணக்கு போட்டால்தான் அதன் பயங்கரம் புரியும். இடைவெளி 800 மீட்டர் என்று கொள்வோம். கட்டைகள் தடுக்க நொடிக்கு 5 மீட்டர் ஓடினால் 160 நொடி. 60 கிலோமீட்டர் வேக ரயிலுக்கு 48 நொடி. 112 நொடி முன்னால் கிளம்பாதவன் செத்தான். டிரைவர் பார்த்துப் பிரேக் போட்டாலும் சாதாரணமாக நிற்க 140 மீட்டர் வேண்டும்.

ரயிலுக்கு மின்சாரம் கொடுக்கும் மூன்றாம் தண்டவாளத்தில் 825 வோல்ட். ஆள் ஓடும்போது அது செத்திருக்க வேண்டும். அப்படியென்றால் ரயிலும் நகராது. ஆகவே ஆளையும் ரயிலையும் தனித்தனியே எடுத்து வெட்டி ஒட்டுவதே பாதுகாப்பான வழி. இங்கேதான் பலர் சறுக்குவார்கள்: ஆள் ஓடும் திசையில் இழுத்த கற்பனைக் கோட்டைக் கேமரா தாண்டி மறுபக்கம் போனால் மூன்றாம் தண்டவாளம் இடமிருந்து வலம் தாவிவிடும், ஓடுகிறவன் திரும்பி ஓடுவதுபோல் தோன்றும். நிலையத்தில் மூன்றாம் தண்டவாளம் பெரும்பாலும் நடைமேடைக்கு எதிர்ப்பக்கம் இருக்கும். ஓடி வந்து நடைமேடையில் ஏறப்போகிறவன் அதன் ஓரமாகவே வர வேண்டும்.

ஜூன் 9, திங்கள்

சத்தம். ரயில் குகைக் காற்றைத் தள்ளிக்கொண்டு வருவதால் முதலில் காற்று, பிறகு தண்டவாளத்தின் முனகல், வளைவில் வெளிச்சம், கடைசியில்தான் ரயில். ரயில் இல்லாமல் எடுக்கும் ஷாட்டில் பெரிய மின்விசிறி வைத்து முடியைப் பறக்கவிட வேண்டும், வெளிச்சம் தெரிவதற்கு முன்பே.