முதலில் ஈறு, அப்புறம்தான் கிளிப்

அக்காவுக்கு 49 வயது. யாங்கோனில் தெருவுக்குத் தெரு கூன்யா என்கிற வெற்றிலைபாக்குக் கடை, அவளும் இருபது வருஷமாகப் புகையிலை வைத்து மென்றவள். மேல்வரிசை முன்பற்கள் இரண்டுக்கும் நடுவில் சந்து விழுந்து, போகப் போக ஓர் அரிசி நுழையும் அளவுக்கு வந்தது. ஒரு பல் ஆடவும் ஆரம்பித்தது. சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்வாள்.

முதலில் போன இடத்தில் கிளிப் போட்டால் சேர்ந்துவிடும் என்றார்கள். ஈறைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை. சந்து விழுந்ததே பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு கரைந்ததால்தானே! கிளிப் தள்ளும் பக்கம் எலும்பு கரைந்து, மறுபக்கம் புதிதாக வளர்ந்துதான் பல் நகர்கிறது. ஈறு வீங்கி ரத்தம் கசியும்போதே அதைச் செய்தால், மிச்சமிருக்கிற எலும்பும் வேகமாகப் போய்விடும்.

அப்புறம் வேறொரு டாக்டரம்மாவிடம் போனோம். கறுப்புக் கோடு போட்ட மெல்லிய கம்பியைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே விட்டு, ஒரு பல்லுக்கு ஆறு இடம் அளந்து, உதவிக்கு இருந்த பெண் எழுதிக்கொள்ள பர்மிய மொழியில் எண்களைச் சொல்லிக்கொண்டே போனார். தோன், தோன், லே... அதாவது மூன்று, மூன்று, நாலு. ஆடுகிற பல்லுக்கு வந்ததும் சௌக். ஆறு மில்லிமீட்டர் பள்ளம். மூன்றுக்குள் இருந்தால் பயமில்லையாம். அக்கா என் கையைப் பிடித்தவள் விடவே இல்லை.

பல்லில் படிந்திருந்த காரையை எடுத்து வேர் வரை சுத்தம் செய்ய நாலு தடவை போனோம். சர்க்கரையும் பார்க்கச் சொன்னார், கூடுதலாக இருந்தது. கூன்யாவை விட்டதுதான் அவளுக்கு எல்லாவற்றையும் விடக் கஷ்டம். சில மாதம் கழித்து அளந்தபோது ரத்தம் வரவில்லை, பள்ளமும் நாலுக்கு வந்திருந்தது. அதற்குப் பிறகுதான் கிளிப். ரப்பர் வளையத்தில் அழுக்கு தங்கும் என்று மெல்லிய கம்பியால் கட்டினார், மிக லேசாகத்தான் இழுத்தார், மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஈறைச் சுத்தம் செய்துகொண்டே வந்தார்.

"இந்த வயசுல கிளிப்பா?" என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். வயது தடையே இல்லை, ஈறு ஆறியிருக்கிறதா என்பதுதான் கேள்வி. உங்களுக்கு யாராவது கிளிப் போடச் சொன்னால், ஈறை அளந்தீர்களா, எக்ஸ்ரேயில் எலும்பு எவ்வளவு இருக்கிறது என்று தயவுசெய்து கேளுங்கள்.

இப்போது சந்து மூடிவிட்டது. ஈறு இறங்கியது இறங்கியதுதான், பற்களுக்கு நடுவே மேலே ஒரு சின்னக் கறுப்பு முக்கோணம் தெரிகிறது. பல் திரும்ப விலகாமலிருக்க உள்பக்கம் ஒரு கம்பி ஒட்டியிருக்கிறார்கள், அது ஆயுசுக்கும் அங்கேயே இருக்க வேண்டும். ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு, அக்கா கண்ணாடி முன்னால் நின்று குட்டி பிரஷ்ஷை அந்தக் கம்பிக்கு அடியில் ஒவ்வொரு சந்தாக விட்டு எடுப்பாள்.