பாடியைக் கடைசியாக மாற்றுங்கள்

புதிய கேமரா ஒன்று அறிவிக்கப்படும்போதெல்லாம் கையில் இருப்பது பழசாகிவிட்டதாகத் தோன்றுவது, புகைப்படக்கலையைப் பொழுதுபோக்காகக் கொண்ட பெரும்பாலோருக்கும் நேர்வதுதான். அந்த ஆசையில் தவறேதும் இருப்பதாக நான் நினைக்கவில்லை; நல்ல கருவியைக் கையில் ஏந்துவதே ஒரு மகிழ்ச்சி. ஆனால் பொழுதுபோக்குக்கென ஒதுக்கும் பணத்துக்கு எல்லோருக்குமே ஓர் எல்லை உண்டு என்பதால், அதை முதலில் எதில் போடுவது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: லென்ஸில் போடுங்கள், பாடியை, அதாவது லென்ஸ் நீங்கலான கேமராவை, கடைசியாக மாற்றுங்கள்.

விளம்பரத்தில் முதலில் கண்ணில் படுவது மெகாபிக்சல் கணக்கு. 24 மெகாபிக்சலிலிருந்து 45 மெகாபிக்சலுக்குப் போனால் படத்தின் நுட்பம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்று எண்ணத் தோன்றும். படத்தின் அகலத்தை மட்டும் எடுத்துப் பார்த்தால், முன்னதில் 6000 பிக்சல், பின்னதில் சுமார் 8250 பிக்சல். கூடுதல் 40 சதவீதத்தைக்கூட எட்டவில்லை. ஏ3 தாளில் அங்குலத்துக்கு 300 பிக்சல் என்ற தரத்தில் அச்சிடுவதற்கு 17 மெகாபிக்சலுக்குச் சற்று மேல் இருந்தாலே போதும். தொலைவில் இருக்கும் பறவையை எடுத்து, படத்தின் நடுப்பகுதியை மட்டும் வெட்டிப் பயன்படுத்துபவருக்குக் கூடுதல் பிக்சல்கள் உண்மையிலேயே உதவும். மற்றவர்கள் அதற்காகச் செலவு செய்வதற்கு முன், பெரிய கோப்புகளைச் சேமிக்க ஹார்ட் டிஸ்க்கும் அவற்றைத் தடங்கலின்றித் திறக்கக் கணினியும் தேவைப்படும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

வெளிச்சத்தின் கணக்கு இதைவிட முக்கியமானது. மாலையில் வீட்டுக்குள் எடுத்த படங்களில் புள்ளி புள்ளியாக நாய்ஸ் தெரிகிறது என்பதற்காகவே பலர் சிறிய ஏபிஎஸ்-சி சென்சாரிலிருந்து (சென்சார் என்பது ஒளியைப் படமாகப் பதியும் பகுதி) பெரிய ஃபுல் ஃபிரேமுக்குத் தாவ நினைக்கிறார்கள். ஃபுல் ஃபிரேம் சென்சாரின் அளவு 36 × 24 மி.மீ.; ஏபிஎஸ்-சி ஏறத்தாழ 23.5 × 15.6 மி.மீ. பரப்பளவில் வித்தியாசம் சுமார் 2.4 மடங்கு, அதாவது ஒரு ஸ்டாப்புக்குக் கொஞ்சம் மேல் (வெளிச்சம் இரு மடங்காவதுதான் ஒரு ஸ்டாப்). கேமராவுடன் வரும் சாதாரண கிட் லென்ஸோ 50 மி.மீ. அருகே எஃப்/5.6 வரைதான் திறக்கும்; இந்த எஃப் எண் குறையக் குறையத் திறப்பு பெரிதாகும். அதைக் கழற்றிவிட்டு ஜூம் இல்லாத 50 மி.மீ. எஃப்/1.8 பிரைம் லென்ஸை மாட்டினால் உள்ளே வரும் வெளிச்சம் ஒன்பது மடங்கையும் தாண்டிவிடும். ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓ கூடக்கூட நாய்ஸும் கூடும்; ஐஎஸ்ஓ 6400 தேவைப்பட்ட அதே இடத்தில் 800 வைத்தே தாராளமாக எடுக்கலாம். எஃப்/1.8-இல் ஃபோகஸ் ஆழம் மிகக் குறைவு என்பதால், முன்னும் பின்னுமாக நிற்கும் இருவரில் ஒருவர் மங்கிப்போவார் என்பது உண்மை. அப்படியிருந்தும், செலவழித்த பணத்துக்கு இவ்வளவு வித்தியாசத்தைக் காட்டும் வேறு கருவி எனக்குத் தெரிந்து இல்லை.

எந்த லென்ஸ் வேண்டும் என்பதற்கான பதில் நீங்கள் ஏற்கெனவே எடுத்த படங்களிலேயே இருக்கிறது. ஒவ்வொரு கோப்பிலும் எக்சிஃப் தகவலாகக் குவியத் தூரம் (லென்ஸில் மி.மீ.-இல் குறிப்பிடப்படும் எண்), அப்பர்ச்சர் (லென்ஸின் திறப்பு), ஷட்டர் வேகம் எல்லாம் பதிவாகியிருக்கும். லைட்ரூம் போன்ற மென்பொருளில் படங்களைக் குவியத் தூரம் வாரியாகப் பிரித்துப் பார்த்தால், 18–55 ஜூமில் எடுத்தவற்றில் பெரும்பங்கு ஏதாவது ஒரு முனையில் குவிந்திருப்பது பலருக்கும் தெரியவரும். 55-இல் குவிந்திருந்தால் தொலைவைப் பெரிதாக்கும் டெலி லென்ஸ், 18-இல் குவிந்திருந்தால் அகலமான காட்சியைப் பிடிக்கும் வைடு என்று தேட வேண்டிய திசை அங்கேயே தெளிவாகிவிடும்.

லென்ஸில் போட்ட பணம் எளிதில் வீணாகாது என்பதையும் சொல்ல வேண்டும். லென்ஸைப் பாடியுடன் இணைக்கும் அமைப்பான மவுண்ட்டுகளில், நிக்கான் எஃப் மவுண்ட் 1959-இல் வந்தது, கேனான் இஎஃப் 1987-இல் வந்தது. 2018-இல் இரு நிறுவனங்களும் புதிய மிரர்லெஸ் மவுண்ட்டுகளைக் கொண்டுவந்த பிறகும் பழைய லென்ஸ்களை அடாப்டர் வழியாக மாட்ட முடிகிறது. இஎஃப் மவுண்ட்டில் அப்பர்ச்சரும் ஃபோகஸும் தொடக்கத்திலிருந்தே மின்னணு முறையில் இயங்கியதால், அந்த லென்ஸ்கள் கேனானின் புதிய ஆர்எஃப் மவுண்ட் பாடியிலும் இயல்பாக ஆட்டோஃபோகஸ் செய்கின்றன. எஃப் மவுண்ட் லென்ஸ்களைப் புதிய பாடியில் மாட்ட உதவும் நிக்கானின் எஃப்டிஇசட் அடாப்டரில் ஃபோகஸ் மோட்டார் இல்லை. ஆகவே தனக்குள் மோட்டார் இல்லாத பழைய ஏஎஃப்-டி லென்ஸ்களை அதில் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டியிருக்கும். பழைய லென்ஸ் வாங்குபவர் முதலில் விசாரிக்க வேண்டியது இதைத்தான்.

பழைய லென்ஸைக் கையில் வாங்கியதும், முன்பின் மூடிகளைக் கழற்றி, அப்பர்ச்சரை முழுவதும் திறந்து, பின்புறமிருந்து சிறிய டார்ச்சை அடித்து முன்புறத்தில் சாய்வாகப் பாருங்கள். நேராகப் பார்க்கும்போது தெளிவாக இருக்கும் கண்ணாடியின் ஓரத்தில், இப்படிப் பார்க்கும்போது மெல்லிய வேர்போல் கிளைபிரிந்து பூஞ்சை தெரியவரும். உள்ளே இரண்டொரு தூசி இருந்தால் படத்தில் தெரியாது. பூஞ்சையும், பனி படர்ந்தாற்போன்ற மங்கலும் இருந்தால் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் நான் வாங்க மாட்டேன். அப்பர்ச்சர் இதழ்களில் எண்ணெய்ப் பிசுக்கு பளபளக்கிறதா என்று கவனியுங்கள். மவுண்ட்டைச் சுற்றியுள்ள திருகுகளின் தலையில் கீறல் இருந்தால் யாரோ அதைப் பிரித்திருக்கிறார்கள் என்று பொருள். ஃபோகஸ் வளையம் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஒரே சீராகத் திரும்ப வேண்டும்.

பாடியை மாற்றியே ஆக வேண்டிய நேரமும் உண்டு. பறக்கும் பறவையை எடுப்பவருக்கு, ஷட்டர் வேகம் 1/2000 நொடியைவிட வேகமாக இருந்தும், போதிய வெளிச்சம் இருந்தும், ஃபோகஸ் தொடர்ந்து பின்னணி மரத்திலேயே போய் நிற்கிறது என்றால், அதை எந்த லென்ஸாலும் சரிசெய்ய முடியாது. பறவையின் கண்ணைத் தானே கண்டறிந்து பின்தொடரும் ஆட்டோஃபோகஸ் வந்த பிறகு அந்தத் துறையே மாறிவிட்டது. அப்போதும் நான் சொல்வது, நினைத்திருக்கும் பாடியை வாடகைக்கோ நண்பரிடம் இரவலாகவோ வாங்கி, உங்களிடம் இருக்கும் அதே லென்ஸை மாட்டி, இதுவரை கைநழுவிப்போன அதே காட்சியை எடுத்துப் பாருங்கள் என்பதுதான். கூர்மையாக விழுந்த படங்களின் எண்ணிக்கை கண்கூடாகக் கூடியிருந்தால் தயங்காமல் வாங்குங்கள். அந்த ஆட்டோஃபோகஸ் முந்தைய மாடலிலேயே இருந்தால் அதையே வாங்கி, மிச்சத்தை நல்லதொரு டெலி லென்ஸுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.