பத்து நிமிடத்தில் நின்றுபோகும் எஞ்சின்

எங்கள் தோட்டத்துக் கிணற்று மேட்டில் அப்பாரு காலத்து ஆயில் எஞ்சின் ஒன்று கிடக்கிறது. 1990ல் விவசாயத்துக்குக் கரண்ட் இலவசம் ஆனதும் மோட்டார் வந்தது, எஞ்சின் மேல் சாக்கு விழுந்தது, அப்புறம் யாரும் அதைத் தொடவில்லை. பழைய இரும்புக்காரர் இரண்டு முறை விலை பேசிவிட்டுப் போனார். போன தை மாதம் எனக்குத்தான் கிறுக்குப் பிடித்தது.

இது லிஸ்டர் வகை. இங்கிலாந்தில் டர்ஸ்லி என்ற ஊரில் 1930 வாக்கில் வந்த டிசைன். அதைப் பார்த்து ராஜ்கோட் பட்டறைகள் செய்து தள்ளியதில் எங்களுடையதும் ஒன்று. ஒற்றை சிலிண்டர், 6 குதிரைச் சக்தி, நிமிடத்துக்கு 650 சுற்று. இவ்வளவு மெதுவாக ஓடுவதால் ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் கேட்கும். கிணற்றில் தண்ணீர் கீழே போய் பம்பு காற்றை இழுக்க ஆரம்பித்தால் எஞ்சினுக்குச் சுமை குறைந்து சத்தம் மாறும், அப்பாரு திண்ணையில் படுத்துக்கொண்டே "போய் நிறுத்து கண்ணு" என்பார்.

பிஸ்டன் பாதி வழியில் பிடித்துக்கொண்டிருந்தது. சிலிண்டருக்கு மூடி மாதிரி இருக்கும் ஹெட்டைக் கழற்றி, மேலே டீசலை ஊற்றி ஊறவிட்டு, தினம் சாயங்காலம் மரக்கட்டையை வைத்துத் தட்டினேன். ஒன்பதாம் நாள் ஒரு நூல் நகர்ந்தது. அன்றைக்கு இரவு வீட்டில் எல்லோரிடமும் சொன்னேன், யாருக்கும் இது ஒரு விஷயமாகவே படவில்லை. ரிங் புதிது போட்டேன், டீசலைப் பீய்ச்சும் நாசில் ஒழுகியது, அதையும் சரிசெய்து வாங்கினேன்.

ஸ்டார்ட் பண்ணுவது தனி வித்தை. வால்வு லிவரைத் தூக்கிவிட்டு (அப்போது சிலிண்டரில் அழுத்தம் நிற்காது), ஹேண்டிலைப் போட்டு ஃப்ளைவீல் என்ற கனத்த சக்கரம் வேகம் பிடிக்கும்வரை சுற்றி, லிவரை விட வேண்டும். கட்டை விரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைத்துத்தான் பிடிக்க வேண்டும், எதிர்த்து அடித்தால் விரல் மிஞ்சாது. மூன்றாவது சுற்றலில் பிடித்துக்கொண்டது. கருப்புப் புகை, நாய் ஓடியது, நான் கத்தினேன்.

பத்து நிமிடம். நின்றுவிட்டது.

சரி, ஏர் லாக், அதாவது டீசல் பைப்பில் காற்று அடைத்துக்கொண்டது என்று நினைத்தேன். டேங்க் மூடியைத் திறந்து டீசல் இருக்கிறதா என்று பார்த்து, மூடி, பைப்பில் காற்றை எடுத்துவிட்டு மறுபடி சுற்றினால் சமத்தாக ஓடியது. மறுபடி பத்து நிமிடம். இப்படியே இரண்டு வாரம் போனது. ஃபில்டர் மாற்றினேன், பைப் மாற்றினேன், டீசல் பம்பைக்கூடப் பிரித்தேன், அது தேவையே இல்லாத வேலை. டேங்க் நிறைய ஊற்றிய நாட்களில் இன்னும் சீக்கிரம் நின்றது, அதுதான் எனக்குப் பிடிபடவே இல்லை.

ஒருநாள் மூடியைச் சுவர் மேல் வைத்துவிட்டு மறந்துபோனேன். எஞ்சின் முக்கால் மணி நேரம் நிற்காமல் ஓடியது! மூடியை எடுத்துப் பார்த்தால், அதன் நடுவில் காற்று போக இருக்கும் பொடித் துளைக்குள் குளவி மண் வைத்து அடைத்திருக்கிறது. டீசல் இறங்க இறங்க உள்ளே காற்று வர வழியில்லை, டேங்க்கே டீசலை இறுக்கிப் பிடித்துக்கொண்டுவிட்டது. நிறைய ஊற்றினால் மேலே இருக்கும் காற்று இன்னும் குறைவு, அதனால் சீக்கிரம் இறுகுகிறது. நான் ஒவ்வொரு முறையும் மூடியைத் திறந்து பார்த்ததுதான் வைத்தியமாக இருந்திருக்கிறது, ஏர் லாக்கும் இல்லை ஒன்றும் இல்லை.

கோணி ஊசியால் இரண்டு குத்து, வேலை முடிந்தது. இப்போது சைலன்சர் குழாய் வாயில் ஒரு தகர டப்பாவைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன், கொட்டகையில் இன்னும் இரண்டு குளவி சுற்றிக்கொண்டிருக்கிறது.